முதல் வெளிநாட்டுப் பயணமா? கணக்கை வீட்டுப் படலையிலிருந்து தொடங்குங்கள்

கோண்டாவிலிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வீட்டில் நாலு பேர்: அவர், கணவர், 9 வயது மகன், முழங்கால் நோவுள்ள 68 வயது அம்மா. நாலு பேரில் ஒருவரும் இதுவரை விமானம் ஏறியதில்லை. சீட்டுக் கட்டியும் சேமித்தும் 10 இலட்சம் ரூபா சேர்த்து வைத்திருக்கிறார்கள். கையில் மூன்று விளம்பரங்கள். சிங்கப்பூர், மலேசியா சேர்த்து 5 இரவு, ஆளுக்கு 279,000 ரூபா. மலேசியா மட்டும் 4 இரவு, 209,000. பாங்கொக், பட்டாயா 4 இரவு, 189,000. "இதில் எது எங்களுக்குக் கட்டுப்படியாகும், எதைப் பார்த்து நம்பிக் காசு கட்டுவது?" என்பதுதான் அவர் கேள்வி.

தங்கச்சி, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்கு மலேசியா மட்டும் போகிற பக்கேஜ்தான் சரிவரும். ஏனென்று ஆறுதலாகச் சொல்கிறேன். நான் யாழ் நகரில் ஒரு டிக்கெட் அலுவலகத்தில் 12 வருடம் வேலை செய்தவன். மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து எத்தனையோ குடும்பங்களுக்கு விலை சொல்லியிருக்கிறேன். அதற்கு முன்பு என் அப்பா, அம்மாவைக் கூட்டிக்கொண்டு, ஒன்றும் தெரியாமல் ஒரு பக்கேஜில் போயும் இருக்கிறேன்.

விளம்பரத்தில் போடுகிற விலை கட்டுநாயக்கவில் தொடங்கி கட்டுநாயக்கவில் முடிந்துவிடும். உங்கள் செலவு கோண்டாவில் படலையில் தொடங்குகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து விமான நிலையத்துக்கு எப்படிப் பார்த்தாலும் ஏழு, எட்டு மணித்தியால ஓட்டம். புறப்படும் நேரத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்பே அங்கே நிற்க வேண்டும். புத்தளம், சிலாபம் வழியாகப் போகிற இரவு பஸ்கள் விமான நிலையச் சந்திக்குக் கிட்டவாகத்தான் போகின்றன. இளந்தாரிகளுக்கு அது போதும். அம்மாவோடும் பெட்டிகளோடும் பிள்ளையோடும் போகிறவர்களுக்கு வான்தான் சரி. போக ஒரு வாடகை, திரும்பி வர ஒரு வாடகை. வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீடு இருந்தால் ஒரு நாள் முன்னதாகப் போய்த் தங்கலாம். இல்லாவிட்டால் லொட்ஜ் காசையும் சேருங்கள். கொழும்பில் இருப்பவர்களுக்காகப் போட்ட விலையை நாங்கள் அப்படியே எங்கள் விலையாக எடுத்துக்கொள்வதால்தான் பலருக்குக் கடைசி நேரத்தில் கை கடிக்கிறது.

அடுத்தது, பக்கேஜ் தாளில் "சேர்க்கப்பட்டவை", "சேர்க்கப்படாதவை" என்று இரண்டு பகுதி இருக்கும். எல்லாரும் முதல் பகுதியைத்தான் ஆசையாக வாசிப்பார்கள். நீங்கள் இரண்டாவதை முதலில் எடுத்து வடிவாக வாசியுங்கள். அந்தப் பகுதியே இல்லாத தாள் என்றால், எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். மலேசியாவில் வெளிநாட்டவர் தங்கும் ஒவ்வொரு அறைக்கும் ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. ஹோட்டலில் சாவி வாங்கும்போது கையில் கேட்பார்கள். இரண்டு அறை, நாலு இரவு என்றால் 80 ரிங்கிட். பல ஹோட்டல்கள் முற்பணமாகவும் ஒரு தொகை வாங்கி வைத்துவிட்டுப் போகும்போது திருப்பித் தரும். அந்தக் காசு கையில் இருக்க வேண்டும். விசாக் கட்டணம், பயணக் காப்புறுதி, வழிகாட்டிக்கும் சாரதிக்கும் கொடுக்கும் டிப்ஸ் ஆகியவையும் அனேகமாக வெளியேதான் இருக்கும். சாப்பாடும் அப்படித்தான். "காலை உணவுடன்" என்று போட்டிருந்தால் மத்தியானமும் இரவும் உங்கள் பாடு. நாலு பேருக்கு நாலு நாள் இரண்டு வேளை என்றால் முப்பத்திரண்டு சாப்பாடு.

விமானத்தையும் கேளுங்கள். எயார் ஏசியா போன்ற மலிவு விமானங்களில் அடிப்படை டிக்கெட்டுக்குக் கையோடு கொண்டுபோகும் 7 கிலோ மட்டும்தான். பெட்டி போடுவதற்கும் விமானத்தில் சாப்பிடுவதற்கும் தனிக்காசு. அது கூடாத விமானம் என்று சொல்லவில்லை; மூன்றரை மணித்தியாலப் பறப்புக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் 209,000 என்ற விலைக்குள் பெட்டி இருக்கிறதா, எத்தனை கிலோ என்பது தாளில் எழுதியிருக்க வேண்டும். விமான நிலையத்தில் வைத்துப் பெட்டிக்குக் காசு கட்டினால், முன்கூட்டியே கட்டுவதைவிடக் கூடவாகக் கேட்பார்கள்.

என் அனுபவக் கணக்கு இதுதான்: யாழ்ப்பாணத்திலிருந்து போகிற குடும்பம் விளம்பர விலையோடு ஐந்தில் ஒரு பங்காவது கூட்டிப் பார்க்க வேண்டும். மலேசியா பக்கேஜ் நாலு பேருக்கு 836,000. ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் பத்து இலட்சத்தைத் தொடுகிறது. சிங்கப்பூர், மலேசியா சேர்ந்தது கூட்டுவதற்கு முன்பே 1,116,000. அது இந்த வருடம் உங்களுக்கில்லை. கடன் வாங்கி முதல் பயணம் போகாதீர்கள். திரும்பி வந்த பிறகு மாதாமாதம் கட்டுகிற காசு, பார்த்து வந்த சந்தோசத்தைத் தின்றுவிடும். அப்படிக் கட்டிக் களைத்தவர்களை நான் என் மேசைக்கு முன்னால் கண்டிருக்கிறேன்.

அறைக் கணக்கில் உங்கள் குடும்பத்துக்கு ஒரு பொறி இருக்கிறது. விளம்பரத்தில் வருகிற விலை, இரண்டு பேர் ஓர் அறையில் தங்கினால் ஆளுக்கு வரும் விலை. மகனை உங்கள் அறையில் தனிக்கட்டில் இல்லாமல் படுக்க வைத்தால் அவனுக்கு விலை குறையும் என்று முகவர் சொல்லுவார். கேட்க நல்லாக இருக்கும். ஆனால் அப்போது அம்மா தனி அறையில். தனி அறைக்கு மேலதிகமாக ஒரு தொகை வரும், பிள்ளைக்குக் குறைந்ததை அது விழுங்கிவிடும். அம்மாவையும் பேரனையும் ஓர் அறையில் போடுங்கள். முதல் முறை வெளிநாட்டு ஹோட்டல் அறையில் அம்மா தனியே படுக்கத் தேவையில்லை, ராத்திரி தண்ணி எடுத்துக் கொடுக்கவும் ஓர் ஆள் இருக்கும். மலிவு விமானங்களில் 9 வயதுப் பிள்ளைக்கும் பெரிய ஆளின் டிக்கெட் விலைதான் என்பதையும் மனதில் வையுங்கள். பக்கத்து அறைகளாகத் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

இனி நேரம். இதைத்தான் நான் நீட்டிச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் காசு போனாலும் தேடலாம்.

2014 இல் அப்பாவுக்கு 66 வயது. வாழ்க்கையில் ஒரு தரம் பத்துமலை முருகனைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. வெளியே நிற்கிற அந்தப் பெரிய பொன்னிறச் சிலை 2006 இல் வைத்தது, 42.7 மீற்றர் உயரம். அப்பாவுக்குச் சிலையில் பெரிய ஈடுபாடில்லை. 272 படியும் ஏறி மேலே குகைக்குள் கும்பிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தார். பக்கேஜ் தாளில் "பத்துமலை தரிசனம்" என்று எழுதியிருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. அங்கே போய் இறங்கியபோது வழிகாட்டி, "நாற்பது நிமிசம், எல்லாரும் பஸ்ஸுக்கு வந்துவிடுங்கள்" என்றார். அப்பா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து, ஒவ்வொரு பத்துப் படிக்கும் நின்று நின்று ஏறினார். அப்படியே எண்ணிக்கொண்டும் வந்தார். நூற்று எண்பதாவது படியில் என் தொலைபேசி அடித்தது. பஸ் காத்துக்கொண்டு நிற்கிறது. அப்பா மேலே ஒரு தரம் பார்த்தார், "சரி, வா" என்று திரும்பினார். அதற்குப் பிறகு எங்களை ஒரு சொக்லேட் கடைக்குக் கூட்டிப்போனார்கள். பிறகு ஒரு தோல் பொருள் கடை. இரண்டு கடையிலும் சேர்த்து ஒன்றரை மணித்தியாலம் நின்றோம். அப்பா கடை வாசல் கதிரையில் இருந்தார். அவர் இப்போது இல்லை. மிச்சம் 92 படி என்பது எனக்கு இன்றும் மறக்கவில்லை.

அதனால் சொல்கிறேன்: எந்த இடம் என்று கேட்பதோடு நிற்காதீர்கள், அங்கே எத்தனை மணித்தியாலம் என்று கேளுங்கள். நாள்வாரி நிகழ்ச்சி நிரலை நேரத்தோடு எழுதித் தரச் சொல்லுங்கள். கடைகளுக்குக் கூட்டிப்போவது எத்தனை தரம், கட்டாயமா, பஸ்ஸிலேயே இருக்கலாமா என்றும் கேளுங்கள். விலை மிகவும் குறைவாக இருக்கிற பக்கேஜ்களில் அந்தக் குறைவை ஈடுசெய்வது இந்தக் கடைகளில் கிடைக்கிற தரகுதான். இது மலேசியாவில் மட்டும் நடப்பதில்லை; பாங்கொக்கில் நகை, இரத்தினக்கல் கடை என்று வரும்.

கோலாலம்பூரில் "இரட்டைக் கோபுரம்" என்று தாளில் இருந்தால், உள்ளே போவதா, வெளியே நின்று படம் எடுப்பதா என்று கேளுங்கள். பெரும்பாலும் வெளியே நின்று படம் எடுப்பதுதான். 452 மீற்றர் கோபுரத்தின் 41 ஆம் மாடிப் பாலத்துக்குப் போவதென்றால் தனி டிக்கெட் எடுக்க வேண்டும், முன்கூட்டியே பதிய வேண்டும். மகன் பாலத்தில் நடக்கலாம் என்று நினைத்துக்கொண்டு வந்து கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பக்கூடாது. கெந்திங் மலையிலும் இதே கேள்வி: கேபிள் கார் ஏறவும் இறங்கவுமா, ஒரு பக்கம் மட்டுமா? ஏறத்தாழ 1,800 மீற்றர் உயரம், மேலே குளிரும். அம்மாவுக்கு ஒரு சுவெட்டர் எடுத்து வையுங்கள்.

முதல் நாளையும் கடைசி நாளையும் வடிவாகப் பாருங்கள். கொழும்பிலிருந்து அந்தப் பக்கம் போகிற விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டித்தான் புறப்படும். பன்னிரண்டரைக்கு ஏறினால், அங்கே இறங்கும்போது அவர்களுடைய நேரம் காலை ஆறரை; மலேசியா எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னால் நிற்கிறது. ஹோட்டல் அறை தருவது பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு. காலையில் அறை கிடைக்க ஏற்பாடு இல்லையென்றால், யாழ்ப்பாணத்திலிருந்து வானில் வந்து, இரவு நித்திரை இல்லாமல் பறந்த அம்மா, முகம் கழுவக்கூட இடமில்லாமல் அன்று முழுக்க ஊர் சுற்றிப் பார்க்க வேண்டும். அது "நாள் 1" என்று தாளில் அழகாக இருக்கும். பகல் விமானம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் முதல் நாள் காலையில் அறை திறந்து தருவதற்கு எவ்வளவு என்று கேளுங்கள். நான் காசு கூடக் கொடுத்தாவது எடுக்கச் சொல்கிற ஒரே மேலதிகம் அதுதான். "4 இரவு" என்பதில் விமானத்தில் கழிகிற இரவையும் எண்ணியிருக்கிறார்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரும் மலேசியாவும் சேர்ந்த பக்கேஜை நான் உங்களுக்கு வேண்டாம் என்பதற்குக் காசு மட்டும் காரணமில்லை. அந்தப் பக்கேஜ்களில் இரண்டு நாட்டுக்கும் இடையில் அனேகமாக பஸ்ஸில்தான் கொண்டுபோவார்கள். ஏறத்தாழ 350 கிலோமீற்றர். நடுவில் சிங்கப்பூர் எல்லையான வூட்லண்ட்ஸில் ஒரு தரம், பாலம் கடந்து மலேசியப் பக்கம் ஜொகூர் பாருவில் ஒரு தரம் என இரண்டு முறை இறங்கிக் குடிவரவு வரிசையில் நிற்க வேண்டும். மலேசியாவுக்குள் நுழையும்போது பெட்டிகளையும் இறக்கி இழுத்துக்கொண்டு போய்ச் சோதனை முடித்து மறுபடி ஏற்ற வேண்டும். சனம் கூடின நாளில் அதுவே மணிக்கணக்கில் இழுக்கும். முழங்கால் நோவுள்ள ஆளுக்கு அது பெரிய கரைச்சல். சிங்கப்பூரை இன்னொரு வருடம் தனியாகப் பாருங்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அங்கே விசா தேவையில்லை என்பது ஒரு வசதி. யாழ்ப்பாணத்திலிருந்து போய்க் குடியேறிய எங்கள் ஆட்கள் கட்டிய செண்பக விநாயகர் கோவில் சிலோன் ரோட்டில் இருக்கிறது. அம்மா அதையும் ஆறுதலாக ஒரு பின்னேரம் இருந்து கும்பிடட்டும்.

பாங்கொக், பட்டாயா மலிவுதான், விசாவும் இலகு. ஆனால் பட்டாயா இரவு வாழ்க்கைக்குப் பேர்போன இடம். பவளத் தீவுக்குப் போகிற விரைவுப் படகு அலையில் தூக்கித் தூக்கிப் போடும். 9 வயதுப் பிள்ளையும் 68 வயது அம்மாவும் வருகிற பயணத்துக்கு நான் அதை எடுக்கமாட்டேன்.

மலேசியாவில் ஹோட்டல் எங்கே என்பதைத்தான் முக்கியமாகப் பாருங்கள். தாளில் ஒரு பேர் போட்டு "அல்லது அதற்கு நிகரானது" என்று எழுதியிருப்பார்கள். நிகரான மற்ற இரண்டு பேர்களையும் கேட்டு வாங்கி, மூன்றையும் கூகுள் வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். நட்சத்திரம் குறைந்தாலும் பரவாயில்லை, கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ், கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையப் பக்கம் கிடைத்தால் விடாதீர்கள். இறங்கி நடந்தால் வாழையிலைச் சோறு, மரக்கறிக் கடை, பூக்கடை எல்லாம் உண்டு. முப்பத்திரண்டு சாப்பாட்டுக் கணக்கு அங்கே பாதியாகக் குறையும். ஸ்கொட் வீதியில் கந்தசுவாமி கோவில் இருக்கிறது; இலங்கைச் சைவர்கள் எங்கள் நல்லூரை நினைத்துக் கட்டிய கோவில். கேஎல் சென்ட்ரலிலிருந்து பத்துமலை வாசல் வரைக்கும் ரயில் போகிறது, கட்டணம் சில ரிங்கிட்தான். ஒரு நாளைச் சும்மா விடச் சொல்லி முகவரிடம் கேளுங்கள். விடியற்காலையில் ரயில் ஏறிப் போனால், வெயில் ஏறும் முன், பஸ் நிற்கிறது என்று ஒருவரும் தொலைபேசி அடிக்காமல், விரும்பிய நேரம் அங்கே இருக்கலாம். அம்மா படி ஏறாவிட்டாலும் கீழே இருக்கிற கோவில்களில் ஆறுதலாகக் கும்பிடலாம்.

விசா விசயத்தில் ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு 2023 டிசம்பர் முதல் மலேசியாவுக்கு விசா வேண்டாம். தமிழ்நாட்டுக்காரர் போடுகிற யூடியூப் காணொளிகளைப் பார்த்துவிட்டு எங்கள் ஆட்களும் அப்படியே நினைத்துவிடுகிறார்கள். இலங்கையர் முன்கூட்டியே இ-விசா எடுக்க வேண்டும். அதற்கு வங்கிக் கூற்று, போகவர டிக்கெட், தங்குமிடப் பதிவு எல்லாம் கேட்பார்கள். கடவுச்சீட்டின் ஸ்கேன் பிரதி போதும், மூலப் பிரதியை முகவரிடம் விட்டுவிட்டு வரத் தேவையில்லை. விசா நிராகரிக்கப்பட்டால் கட்டிய காசில் எது திரும்பும், எது திரும்பாது என்பதைக் கட்டும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். விசா வரும் முன் திருப்பித் தராத டிக்கெட்டை எடுத்துவிட்டு நட்டத்தை உங்கள் தலையில் கட்டக்கூடாது. போவதற்கு மூன்று நாளுக்குள் நிரப்புகிற மலேசிய டிஜிட்டல் வருகை அட்டை இலவசம். அதற்குக் காசு கேட்கிற இணையத்தளத்தில் நிரப்பாதீர்கள். விதிகள் மாறிக்கொண்டிருப்பதால் காசு கட்டுகிற அன்று அந்த நாட்டு அரசாங்கத் தளத்தில் ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

கடவுச்சீட்டு எடுக்க இப்போது வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ அலையத் தேவையில்லை. 2025 செப்டெம்பரில் யாழ் மாவட்டச் செயலகத்திலேயே அலுவலகம் திறந்துவிட்டார்கள். கணவருடையது பழையது என்று எழுதியிருந்தீர்கள். பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும். டிக்கெட்டில் பேர் கடவுச்சீட்டில் இருக்கிறபடி எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். எங்கள் பேர்கள் நீளம், தகப்பன் பேர் முன்னுக்கு வருவதா பின்னுக்கு வருவதா என்பதில் குழப்பம் வரும். பழக்கத்தில் கூப்பிடுகிற பேரைச் சொல்லிப் பதிந்துவிட்டு விமான நிலையத்தில் நின்று அழுத ஓர் அக்காவை எனக்குத் தெரியும். கடவுச்சீட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள், வாயால் சொல்லாதீர்கள்.

முகவரை நம்புவது பற்றி. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்த நிறுவனமா என்று கேளுங்கள், பதிவிலக்கத்தைப் பாருங்கள். வைபரில் மட்டும் இருந்து வியாபாரம் செய்கிறவரைவிட, பூட்டினால் போய்க் கேட்க ஒரு கடை உள்ளவர் நல்லது. காசை நிறுவனத்தின் பேரில் உள்ள கணக்குக்கே போடுங்கள், தனியாள் கணக்குக்கு வேண்டாம். பற்றுச்சீட்டில் என்னத்துக்கான காசு என்று எழுதியிருக்க வேண்டும். முழுக்காசும் கட்டிய பிறகு, டிக்கெட் உண்மையாகவே எடுத்தாயிற்றா என்று நீங்களே பார்க்கலாம். ஆறு எழுத்துப் பதிவு இலக்கம் மட்டும் தந்தால் இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தமாக இருக்கலாம். சிறிலங்கன் போன்ற விமானங்களில் டிக்கெட் எடுத்தால் 13 இலக்கம் கொண்ட டிக்கெட் இலக்கம் வரும். சிறிலங்கனுடையது 603 என்று தொடங்கும். மலிவு விமானங்களில் அது இருக்காது, பதிவு இலக்கத்தை அவர்களுடைய தளத்தில் போட்டால் உறுதியானதா என்று காட்டும். இரண்டு நிமிச வேலை. குழுவாகப் போகிற பக்கேஜ் என்றால், ஆட்கள் சேராவிட்டால் என்ன செய்வார்கள், திகதி மாறுமா, காசு திரும்புமா என்றும் கேளுங்கள். ஏதாவது பிசகினால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம், பற்றுச்சீட்டு இருந்தால்தான் அங்கே உங்கள் கதை நிற்கும்.

ஆட்கள் சொல்லிக்கொண்டு வருகிற இரண்டு விசயங்களை மறுத்துவிடுங்கள். ஒன்று, "கோலாலம்பூரில் என்ரை மகளுக்கு இந்த மிளகாய்த்தூள் பார்சலைக் கொடுத்துவிடு பிள்ளை" என்பது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் போதைப்பொருள் சட்டம் உயிரை எடுக்கிற சட்டம். தந்தவர் நல்லவராக இருக்கலாம், அவருக்குத் தந்தவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் உங்கள் கையால் அடுக்காத ஒன்றும் உங்கள் பெட்டிக்குள் போகக்கூடாது. மற்றது, "டூர் விசாவில் போங்கோ, அங்கே வேலை எடுத்துத் தாறம்" என்று கணவருக்கோ தம்பிக்கோ யாரும் சொல்வது. அப்படித் தாய்லாந்துக்குப் போன இலங்கைப் பிள்ளைகள் மியன்மார் எல்லைக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி முகாம்களில் அடைபட்டு மீட்கப்பட்டிருக்கிறார்கள். சுற்றுலா விசாவில் வேலை என்று சொல்கிற முகவரின் படியை மிதிக்காதீர்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு காசு போதாது என்று தோன்றினால், மனம் சோரத் தேவையில்லை. பலாலியிலிருந்து சென்னைக்கு 2022 டிசம்பரில் மறுபடி விமானம் தொடங்கியது, 2025 மார்ச் முதல் திருச்சிக்கும் இருக்கிறது. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலும் ஓடுகிறது. வான் வாடகை, கொழும்பில் தங்குவது எல்லாம் மிச்சம். வீட்டிலிருந்து ஓட்டோவில் போய் விமானம் ஏறலாம். திருச்சியில் இறங்கினால் சிறீரங்கம், தஞ்சாவூர், சிதம்பரம் எல்லாம் எட்டுகிற தூரம், பாசையும் சாப்பாடும் பிரச்சினையில்லை. விசா வேண்டும், அதை மறக்காதீர்கள். சென்னை வழியாக மலிவு டிக்கெட்டில் மலேசியா போகலாம் என்று யாராவது சொன்னால், இரண்டும் தனித்தனி டிக்கெட்டா என்று கேளுங்கள். தனித்தனி என்றால் சென்னையில் வெளியே வந்து பெட்டி எடுத்து மறுபடி போட வேண்டும், அதற்கு இந்திய விசா தேவை. முதல் விமானம் பிந்தினால் அடுத்தது நிற்காது, காசும் திரும்பாது.

எப்போது போவது? ஓகஸ்ட் விடுமுறையில் போக நினைக்கிறீர்கள், நல்லூர்க் கொடி ஏறிவிட்டால் அம்மா ஊரை விட்டு அசையமாட்டா என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் இந்த வருடத்துக் கொடியேற்றத் திகதியைப் பார்த்துவிட்டு, மூன்று மாதம் முன்பே பதியுங்கள். பள்ளிக்கூட விடுமுறைக் கிழமைகளில் விலை ஏறும், கடைசி நேரத்தில் இன்னும் ஏறும். மகனுடைய வகுப்பாசிரியரிடம் கேட்டு விடுமுறைக்கு ஒரு கிழமை முன்பு போக முடியுமென்றால் அதில் மிஞ்சுகிற காசில் இரட்டைக் கோபுரப் பாலத்துக்கு டிக்கெட் எடுக்கலாம்.

அம்மாவுக்காக இன்னொன்று. டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுப் பதியச் சொல்லுங்கள். பெரும்பாலான விமான நிறுவனங்கள் அதற்குக் காசு கேட்பதில்லை, குறைந்தது 48 மணித்தியாலம் முன்பு சொல்ல வேண்டும். கட்டுநாயக்கவில் வாசலிலிருந்து விமானக் கதவு வரைக்கும், அங்கே இறங்கியதும் குடிவரவு தாண்டிப் பெட்டி எடுக்கிற இடம் வரைக்கும் ஓர் ஆள் தள்ளிக்கொண்டு வருவார். "எனக்கு நடக்க ஏலும், நாற்காலி வேண்டாம்" என்று அம்மா வெட்கப்படுவா. கோலாலம்பூர் விமான நிலையத்தில் நடை நீளம் என்று சொல்லுங்கள், பேரன் பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு வருவான் என்றும் சொல்லுங்கள். அம்மாவின் மருந்துகளை, விமானத்தில் ஏற்றக் கொடுக்கிற பெட்டிக்குள் வைக்காமல், வைத்தியரின் துண்டோடு கையில் கொண்டுபோகும் பையில் வையுங்கள்.